கையில் பேசி, காதில் பேசி, பக்கத்தில் கிளீனர்

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் நோக்கி 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு அழைப்பு வந்தால், அதைக் கையில் எடுப்பதா, புளூடூத்தில் பேசுவதா, ஓரங்கட்டுவதா என்ற கேள்வி எழுகிறது.

கையில் பிடித்துப் பேசுவதற்குப் பரிந்து பேச யாரும் இல்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு அதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்க்கிறது. வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில், 2020 அக்டோபர் முதல் அனுமதி உண்டு. பேசுவதைவிடச் செய்தி தட்டச்சு செய்வது மிகக் கொடியது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் லாரிகளில் கேமரா பொருத்திப் பார்த்தபோது, தட்டச்சு செய்த ஓட்டுநரின் கண் 6 வினாடியில் 4.6 வினாடி சாலையை விட்டு விலகியிருந்தது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது நூறு மீட்டருக்குச் சற்று மேல்.

பைக்கில் செல்பவர்கள் செல்பேசியை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொள்வதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செல்பேசி நழுவினால் கை தானாகவே அதைப் பிடிக்க எழும்.

புளூடூத்தில்தான் விவகாரம் சிக்கலாகிறது. டொராண்டோ நகரில் 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வு, பேசும் நேரத்தில் விபத்து அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், கையில் பிடிக்காமல் பேசுவதால் அது குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் கண்டது. ஆனால், மேற்சொன்ன லாரி ஆய்வில் கை படாத வெறும் பேச்சால் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், நள்ளிரவில் நேர்ச்சாலையில் தூக்கத்தை விரட்டும் பேச்சு வேறு, இதே சாலையில் தருமபுரியைத் தாண்டி வரும் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது வீட்டுக் கடன் தவணையைப் பற்றிய வாக்குவாதம் வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. பாரம் ஏற்றிய லாரி அந்தச் சரிவில் கியரின் பிடியில் இறங்க வேண்டும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டால் முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழுந்து அது சூடேறிப் பிடி தளரும். அதை உணர வேண்டிய காது அப்போது மறுமுனையில் இருக்கிறது.

அப்படியானால் பக்கத்தில் இருக்கும் கிளீனருடன் பேசுவதும் அதே தவறல்லவா என்று கேட்கலாம். யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வண்டி ஓட்டுவதைப் போலச் செய்து பார்க்கும் மாதிரிப் பொறியில் (சிமுலேட்டர்) ஒப்பிட்டபோது, செல்பேசியில் பேசியவர்களே ஒதுங்க வேண்டிய இடத்தை அதிகம் தவறவிட்டார்கள்; உடன் பயணித்தவரோ சாலையைத் தானும் பார்த்துப் பேச்சை அதற்கேற்ப மாற்றினார். கிளீனர் வளைவு வந்ததும் வாயை மூடுவார், அல்லது "அண்ணே, முன்னாடி வண்டி நிக்குது" என்பார். பெங்களூரிலிருந்து பேசும் சரக்கு முதலாளிக்கு அந்த வளைவு தெரியாது.

நிறுத்திப் பேசுவதே மேல் என்றாலும் நிறுத்தும் இடத்தைப் பொறுத்தே அது மேலாகிறது. இருட்டில் நெடுஞ்சாலை ஓரத்தில் பின்விளக்கு எரியாமல் நிற்கும் லாரி, பின்னால் வருபவருக்கு எமன். தேநீர்க்கடை, பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடியை ஒட்டிய லாரி நிறுத்தம் ஆகியவை உதவும். இல்லையேல் புளூடூத்தில் எடுத்து, "தொப்பூர் இறங்கிட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிடலாம். அதற்கு மூன்று வினாடி போதும்.