தர்பூசணியா, மாம்பழமா: வோட்காவுக்கு எது?

பத்துப் பேர் கூடும் வெயில்காலச் சாயங்காலத்துக்குத் தர்பூசணிதான் கைகொடுக்கும். ஒரு கிளாஸுக்கு வோட்கா 45 மில்லி, வடிகட்டிய சாறு 90, எலுமிச்சைச் சாறு 15, ஒரு சிட்டிகை உப்பு. பழமே பெரும்பாலும் தண்ணீர். அதில் ஐஸும் கரைந்தால் சப்பென்று ஆகிவிடும். ஐஸுக்குப் பதில், விதை நீக்கிய துண்டுகளை ஃப்ரீசரில் நாலைந்து மணி நேரம் உறையவைத்துப் போடுங்கள். ஜக்கில் வைத்தால் திப்பி பிரியும். ஊற்றும்முன் ஒரு கலக்கு.

மாம்பழம் ருசியில் ஒரு படி மேல், வேலையும் கூடுதல். பங்கனப்பள்ளிக் கூழ் 60 மில்லி, எலுமிச்சை 20, வோட்கா அதே 45. நார்ப்பழமென்றால் சல்லடையில் தேய்த்தே ஆகவேண்டும். ஐஸோடு 15 வினாடி குலுக்கி, கிளாஸில் வடித்தபின் சோடா 60. சோடாவை ஷேக்கரிலேயே விட்டால் மூடி பிய்த்துக்கொண்டு சட்டையெல்லாம் மஞ்சள். நாலு பேருக்கு மேல் என்றால் தோள்வலிதான்.