தனியாளாகப் பாய்மரம் நிமிர்த்த: ஜின் போலா, ஏ-ஃபிரேமா?

படகில் படுத்திருக்கும் பாய்மரத்தின் முன்கம்பியை (மரத்தின் மேற்பகுதியை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கம்பி) படகின் முனையிலிருந்து நேராக இழுத்துப் பாருங்கள், விசையில் பெரும்பகுதி மரத்தின் அடியிலுள்ள கீலை அழுத்துவதிலேயே போய்விடும், மரம் எழும்பாது. இழுவையை உயரத்திலிருந்து கொடுக்கத்தான் இந்த இரண்டு சாதனங்களும்.

ஜின் போல் என்பது மரத்தின் அடியில், மரத்துக்குச் செங்குத்தாகப் பொருத்தும் ஒற்றைக் கம்பம். நுனியிலிருந்து ஒரு கயிறு மரத்துக்கு, ஒரு கப்பித்தொகுதி படகின் முனைக்கு. எடை குறைவு, மடித்து வைப்பதும் சுலபம். ஆனால் கம்பமும் மரமும் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். மரத்தை இருபுறமும் பிடிக்கும் பக்கக் கம்பிகள் தளத்தில் மாட்டியிருக்கும் இடம் கீலின் அச்சுக்கு நேராக இல்லாவிட்டால் மரம் படுத்த நிலையில் அவை தொளதொளத்துவிடும், அதனால் அச்சுக்கு நேராகத் தனியாக இரண்டு பக்கக் கயிறுகள் கட்டியே ஆகவேண்டும், கம்பத்துக்கும் அதே மாதிரி இரண்டு.

ஏ-ஃபிரேம் என்பது 'A' எழுத்து வடிவச் சட்டம். அதற்கு இரண்டு குழாய்க் கால்கள், தளத்தின் இருபுறமும் ஊன்றும், அதனால் சட்டம் தானாகச் சாயாது. மரத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நீளமான இரண்டு குழாய்களை எங்கே வைப்பது என்பது வேறு தலைவலி.

டிரெய்லரில் வைத்தே நிமிர்த்துபவருக்கு ஜின் போல் போதும். பாலங்களுக்காகத் தண்ணீரில் அலையாட்டத்தோடு அடிக்கடி இறக்கி ஏற்றுபவர் என்றால் ஏ-ஃபிரேம்தான் என் தேர்வு.

எதுவானாலும் இறக்கும்போது பாரம் கடைசியில்தான் கூடும், கயிற்றை வின்சில் (கயிறு சுற்றும் உருளை) சுற்றியே மெல்ல விடுங்கள். அப்புறம், தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அலுமினிய மரம் மின்சாரம் கடத்தும்.