வாழைச்சேனை நானாவும் மச்சானின் ஜெட் ஸ்கியும்

பாசிக்குடாவில் மூன்று கிழமை நின்றேன். கடல், சாப்பாடு, மாமி வீட்டுத் திண்ணை எல்லாம் நன்றாகவே இருந்தன. எழுத வந்தது மச்சானின் ஜெட் ஸ்கி, அந்தத் தண்ணீர் மோட்டார் சைக்கிள், பட்ட பாட்டை.

வாடகைக்கு விட அவனிடம் இருப்பது அந்த ஒன்றுதான். ஆடி மாதம், கிழக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும் நேரம். ஒரு ஞாயிறு மத்தியானம், தண்ணீரைப் பின்னால் தள்ளும் இம்பெல்லர் சுழலியில் வலைக் கயிறு சுற்றி நடுக்கடலில் நின்றுவிட்டது. மீன்பிடி வள்ளத்தில் கட்டி இழுத்து வந்தார்கள். கயிற்றை வெட்டி எடுத்த பிறகும் பட்டனை அமத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பெடியன்கள் இன்னொரு பற்றரியோடு ஓடி வந்தார்கள். நான் மறித்தேன். ரொறன்ரோவில் எனக்கும் ஒரு ஜெட் ஸ்கி இருக்கிறது, சிம்கோ ஏரியில் ஓடுவேன். காற்றுப் போலத் தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பற்றரியால் என்ஜினைப் பலமாகச் சுழற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

கொழும்பில் வாங்கிய இடத்துக்கு நாலு தரம் போன் எடுத்தோம். ஆள் மாறி ஆள் பேசி, கடைசியில் "ஏற்றி அனுப்புங்க, இரண்டு கிழமையில் பார்ப்போம்" என்றார்கள். உப்புத் தண்ணீர் குடித்த என்ஜின் இரண்டு நாளே தாங்காது! கனடாவிலும் கோடையில் கராஜ்காரர் நாள் தள்ளித்தான் தருவார்கள், மணிக்கு 100 டொலருக்கு மேல் கேட்பார்கள். ஆனாலும் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்று என்று போனிலேயே ஒருவராவது சொல்லுவார்.

"ஹாபர் நானாட்டக் காட்டுங்க" என்றார் மாமி. நானா என்றால் முஸ்லிம் அண்ணன், துறைமுகத்து மெக்கானிக். லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம் கொண்டுபோனோம். தகரக் கொட்டில், மீன் வாசம், தரையெல்லாம் கறுத்த ஒயில். சின்ன வயதில் மாமாவோடு வள்ளத்து என்ஜின் திருத்தப் போன இடங்களின் அதே மணம்.

நானா ஒயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தார். தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணி நிறம். மூன்று பிளக்கையும் கழற்றி, ஒன்றின் நுனியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"கடல் தண்ணிதான். இழுக்கக்குள்ள வேகமா வந்தீங்களா தம்பி?"

மச்சான் ஓம் என்றான். காரணம் அதுதான். என்ஜின் ஓடாமல் வேகமாக இழுபடும்போது ஜெட் பம்புக்குள் மோதும் தண்ணீர் குளிரூட்டும் குழாய் வழியாக ஏறிப் புகைபோக்கியை நிரப்பும். ஓடுகிற என்ஜின் என்றால் அதை வெளியே தள்ளிவிடும். நின்ற என்ஜினில் அது பின்வாங்கி சிலிண்டருக்குள் இறங்கும். இழுப்பதென்றால் மெல்ல வர வேண்டும், இல்லையென்றால் அந்தக் குழாயைக் கிளாம்பால் நெரிக்க வேண்டும்.

"தள்ளி நில்லுங்க" என்று திறொட்டிலை முழுதாக அமத்திப் பிடித்து, ஸ்டார்ட் பட்டனால் என்ஜினைச் சுழற்றினார். தண்ணீர் சீறிக் கூரைத் தகரத்தில் அடித்தது. எதுவும் வராமல் போகும்வரை விட்டு விட்டுச் சுழற்றினார். அளவுக் கம்பி போகும் குழாயால் பம்பு வைத்துப் பழைய ஒயிலை உறிஞ்சி, புதிதாக ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு மறுபடி உறிஞ்சினார். இடையில் மஹ்ரிப் தொழுகைக்குப் போய் வந்தார். மூன்றாம் தரம்தான் ஒயில் தெளிவாக வந்தது.

உப்பைக் கழுவக் குழாய்த் தண்ணீர் கொடுக்கும்போது அவர் சொன்னதைக் கேட்டு எனக்கு மனம் நிறைந்தது. "முதல்ல என்ஜின், பிறகு தண்ணி. நிப்பாட்டக்குள்ள முதல்ல தண்ணி, பிறகு என்ஜின்." என் வண்டியோடு வந்த புத்தகத்திலும் இதே வரிசைதான். 2004 சுனாமிக்குப் பிறகு கடலில் கிடந்த என்ஜின்களைத் திருத்தித் திருத்தியே பழகினாராம்.

ஒயில் காசோடு சேர்த்து அவர் கேட்டதைக் கனடாவில் ஒரு மணித்தியாலக் கூலிக்கே கொடுத்திருப்பேன். கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை.

அடுத்த நாள் காலை மச்சான் சீற்றைத் தூக்கிக் காட்டினான். குளிரூட்டும் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கிளாம்பு தொங்கியது, பிடியில் மாமியின் பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துண்டு.