தக்கலையில் ஒரு வக்கீல் ஆபீஸ்: வந்துவிட்ட இழப்பீட்டு உத்தரவை மாற்ற முடியுமா என்று கேட்டுப் போன அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வக்கீல் மேடத்தின் பெயர் இதில் இருக்காது. வக்கீல்கள் நேரடியாகவோ சுற்றி வளைத்தோ விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, அதனால் "எழுதுகதுன்னா எழுது மக்களே, பேரு மட்டும் போடாண்டாம்" என்று அவரே கேட்டுக்கொண்டார். உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன். இதை எழுதக் காரணம், வேலை செய்யும்போது அடிபட்டு ஏற்கெனவே ஓர் உத்தரவு கையில் இருக்கிற குடும்பங்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. முந்திரி ஆலை, செங்கல் சூளை, ரப்பர் ஷெட் என்று எங்கே விசாரித்தாலும் ஒருவர் இருப்பார். அந்த உத்தரவை மாற்றுவதற்கு எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நாங்கள் இழந்த மாதங்களும் பணமும் இன்னொரு வீட்டில் போகக் கூடாது.

என் அத்தான் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் ஷெட்டில் வேலை பார்த்தார். ரப்பர் பாலில் ஆசிட் விட்டு உறைய வைத்து, அந்தக் கட்டியை முதலில் வழவழப்பான ரோலரிலும் அப்புறம் வரி போட்ட ரோலரிலும் விட்டு ஷீட்டாக எடுத்துப் புகையில் தொங்கப்போடுகிற வேலை. 2021 ஆகஸ்டில் மோட்டார் ரோலர் ஷீட்டோடு சேர்த்து அவர் வலது கையின் நான்கு விரல்களையும் இழுத்துவிட்டது. விரல்கள் போகவில்லை, நசுங்கிவிட்டன. இரண்டு ஆபரேஷன் நடந்தது, ஆறு மாதத்தில் பிடிமானம் வந்துவிடும் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருந்தார்கள். ஷெட் சின்னது, இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு கிடையாது, அதனால் அப்போது அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், இந்த இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கிற ஆணையரிடம் மனு போட்டோம். தற்காலிக ஊனம் என்று உத்தரவு வந்தது. அதன்படி மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்தை அரை மாதத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் 5 வருஷம் வரை கொடுக்க வேண்டும். அத்தானுக்கு 14,000 ரூபாய் சம்பளம், ஆகவே தவணைக்கு 3,500 ரூபாய். 28 தவணை, அதாவது 98,000 ரூபாய் வந்தது. அதற்குப் பிறகு "கைதான் சரியாயிட்டே" என்று முதலாளி நிறுத்திவிட்டார். ஆனால் கை சரியாகவில்லை. தையல் போட்ட இடமெல்லாம் இறுகி, விரல்கள் பாதி மடங்கிய நிலையிலேயே நின்றுவிட்டன.

இந்த இடத்தில்தான் நாங்கள் வழி தவறினோம். தெரிந்தவர் மூலமாக வேறு ஒரு வக்கீலிடம் போனோம், அவர் 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சிவில் கோர்ட்டில் மனு போட்டார், கிடைக்கிற தொகையில் 20 சதவீதம் தனக்கு வேண்டும் என்றும் பேசிக்கொண்டார். சில மாதம் கழித்து, இதை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று மனு திரும்பி வந்தது. சட்டத்தின் 19-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆணையர் முடிவு செய்ய வேண்டிய எந்த விஷயத்தையும் சிவில் நீதிமன்றம் கையில் எடுக்க முடியாது. இது எங்களுக்குத் தெரியாது, சரி, வக்கீலுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? அடுத்து "ஹைகோர்ட்டுக்குப் போவோம்" என்றார். உத்தரவு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, மேல்முறையீட்டுக்கு உள்ள கெடு 60 நாள்தான். அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை.

அப்புறம்தான் தக்கலை. பத்மநாபபுரம் கோர்ட்டுக்கு வந்து போகிற ஒரு மேடம், முப்பது வருஷத்துக்கு மேல் தொழிலில் இருப்பவர். முன்பக்கம் ஓர் அறை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குமாஸ்தா, உள்ளே மேசையும் அலமாரியும், அவ்வளவுதான் ஆபீஸ். நாங்கள் கட்டாக எடுத்துப் போன காகிதங்களை மேடம் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு அத்தானைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "சாரம் ஆரு கட்டி விடுகா?" (எங்கள் பக்கம் லுங்கியைத்தான் சாரம் என்போம்.)

அத்தான் பேசவில்லை. அக்காதான் மெதுவாக, "நானாக்கும்" என்றாள். கிட்டத்தட்ட இரண்டு வருஷமாக வீட்டுக்குள் நடக்கிற விஷயம், அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது, எனக்கே அன்றுதான் தெரிந்தது. அடுத்து மேசைக் கண்ணாடி மேல் ஒரு அஞ்சு ரூபாய் நாணயத்தை வைத்து எடுக்கச் சொன்னார். அத்தான் வலது கையின் ஓரத்தால் நாணயத்தை மேசை விளிம்பு வரை நகர்த்திக்கொண்டு வந்து, இடது கையை ஏந்தி அதில் விழ வைத்தார். மேடம் இரண்டையும் எழுதிக்கொண்டார். பழைய டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்து, பிடிமானம் வரும் என்று போட்டிருந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டார்.

பிறகு ஒரு கேள்வி கேட்டார், அந்தக் கேள்விக்காகவே இந்த ஆபீஸை எல்லாருக்கும் சொல்வேன். "அந்த உத்தரவு போட்ட அன்னைக்கே தப்பா, இல்ல அன்னைக்குச் சரியா இருந்து அதுக்கப்புறம் கை மோசமாயிட்டா?" எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது. இல்லை. உத்தரவே தப்பு என்றால் 30-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம், நமக்கு மதுரைக் கிளை, அதுவும் 60 நாளுக்குள், அதுவும் முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தால்தான். ஆணையர் சாட்சியம் பார்த்து முடிவு செய்த உண்மைகளை அங்கே மறுபடி கிளற முடியாது. உடம்பு மாறியிருக்கிறது என்றால் மதுரையும் வேண்டாம், சிவில் கோர்ட்டும் வேண்டாம். தவணையாகப் போகிற இழப்பீட்டை அதே ஆணையரே 6-ஆம் பிரிவில் மறு ஆய்வு செய்யலாம். உடல்நிலை மாறியிருக்கிறது என்று தகுதியுள்ள டாக்டர் கொடுத்த சான்றிதழோடு தொழிலாளி மனு போடலாம், முதலாளியும் போடலாம். தவணையைத் தொடரவும் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு, நிரந்தர ஊனம் என்று தெரிந்தால் மொத்தத் தொகையாக மாற்றவும் முடியும். முந்தைய வக்கீல் இந்தப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்னொன்றும் அன்றே சொன்னார். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் மாற்றுத்திறனாளிக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வக்கீல் கிடைக்கும், வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது, நாகர்கோவிலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், எனக்குப் பீஸ் தர வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார். வீட்டுக்கு வந்து யோசித்து அவரிடமே கொடுத்தோம். பீஸ் மொத்தமாகப் பேசி, மூன்று தடவையாகக் கொடுத்தோம், ஒவ்வொன்றுக்கும் ரசீது வந்தது. சதவீதம் பற்றி நானே கேட்டேன். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசுவதே வக்கீல் தொழில் விதிக்கு விரோதம் என்று சொல்லிவிட்டார்.

வேலை எப்படி நடந்தது என்றும் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் அத்தானையும் அக்காவையும் உட்கார வைத்து, என்னவெல்லாம் செய்ய முடியவில்லை என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். சாரம் கட்ட முடியாது, சோற்றை உருட்டி வாயில் வைக்க முடியாது, பால் வெட்டுகிற கத்தியைப் பிடித்தால் நழுவுகிறது, இப்படி. அதை ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். விரல் துண்டாகிப் போயிருந்தால் சட்டத்தின் அட்டவணையிலேயே சதவீதம் இருக்கிறது, நான்கு விரலும் போனால் 50, கட்டைவிரலுக்கு 30 என்று. அத்தானுக்கு விரல்கள் இருக்கின்றன, வேலை செய்யவில்லை. இந்த மாதிரிக் காயத்துக்குச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிருக்கிறது என்று டாக்டர்தான் மதிப்பிட வேண்டும். 40 சதவீதம் என்று கொடுத்தார்.

கணக்கை மேடம் எங்கள் எதிரிலேயே பழைய டைரித் தாளில் போட்டுக் காட்டினார், அந்தத் தாளை அக்கா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். 14,000-ல் 60 சதவீதம் 8,400. விபத்தன்று வயது 35, அதற்கு அட்டவணையில் உள்ள எண் 197.06. இரண்டையும் பெருக்கினால் 16,55,304. அதில் 40 சதவீதம் 6,62,121 ரூபாய் 60 காசு. ஏற்கெனவே வாங்கிய 98,000 ரூபாயைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் 6-ஆம் பிரிவே தவணையாக வாங்கியதைக் கழித்துத்தான் மொத்தத் தொகை என்று சொல்கிறது. மீதி 5,64,121 ரூபாய் 60 காசு. "கழிவு உண்டு, பிறவு எங்கிட்ட வந்து கொறஞ்சு போச்சேன்னு கேக்கப்பிடாது" என்று முன்பே சொல்லிவிட்டார். இப்படி முன்கூட்டியே உள்ளதைச் சொல்கிறவரை நம்பி உட்காரலாம்.

2023 ஜூலையில் மனு போட்டோம், 2024 ஜூனில் உத்தரவு வந்தது. இந்தச் சட்டத்து வழக்குகளை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 25ஏ பிரிவு சொல்கிறது, எங்களுக்குப் பதினொரு மாதம். எதிர்த்தரப்பு மூன்று வாய்தா வாங்கியது, டாக்டர் சாட்சிக்கு வர இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. மேடம் கணக்குப் போட்ட தொகையே உத்தரவிலும் வந்தது. அதன் பிறகும் முதலாளி மதுரைக்குப் போகப்போவதாகச் சொல்லி அனுப்பினார், அக்கா நடுங்கிவிட்டாள். மேடத்துக்குப் போன் போட்டேன். முதலாளி அப்பீல் போக வேண்டுமானால் முழுத் தொகையையும் முதலில் ஆணையரிடம் கட்டி, கட்டியதற்குச் சான்று வைத்தால்தான் மனுவே எடுப்பார்கள், அதோடு 40 சதவீதமா 30 சதவீதமா என்பது உண்மை சார்ந்த கேள்வி, சட்டக் கேள்வி இல்லை, 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு போக்குவரத்துக் கழக வழக்கில் இதைத் திரும்பவும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது என்றார். அதையே அவர் எதிர்த்தரப்பு வக்கீலிடமும் பேசியிருக்கிறார். ஐந்து வாரத்தில் பணம் கட்டப்பட்டது.

ஒரு நாள் காத்திருக்கும்போது நடந்ததையும் எழுத வேண்டும். அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி வந்திருந்தார், அவருக்கு முன்பே மொத்தத் தொகையாக உத்தரவாகி, வாங்கிச் செலவும் ஆகிவிட்டது. இப்போது கால் வலி அதிகம், 6-ஆம் பிரிவில் போடலாமா என்று கேட்டார். மேடம் அரைமணி நேரம் காகிதம் முழுக்கப் படித்தார். 6-ஆம் பிரிவு அரை மாதத் தவணைக்கு மட்டும்தான், மொத்தத் தொகை உத்தரவில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறு எதையும் ஆணையரே திருத்த முடியாது, அப்பீல் கெடுவும் எப்போதோ போய்விட்டது, நான் மனுப் போட்டு உங்களிடம் பணம் வாங்கினால் அது பாவம் என்றார். ஒரு பைசா வாங்கவில்லை. அண்ணாச்சி முகம் வாடித்தான் போனார், ஆனாலும் எங்களைப் போலத் தேவையில்லாத ஒரு மனுவுக்குப் பணம் கட்டாமல் போனார்.

குறைகளும் உண்டு. குமாஸ்தா சிடுசிடுப்பு, பைலைக் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பதுதான் முதல் பதில். கோர்ட் நேரத்தில் மேடம் போனை எடுக்கவே மாட்டார், ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிட்டால் எடுப்பார். ஒரு முறை வாய்தா தேதி மாறியதை எங்களுக்குச் சொல்லவில்லை, அக்கா கூலியை விட்டுவிட்டு மூன்று பஸ் மாறிப் போய்த் திரும்பினாள். அடுத்த முறை மேடம் அதற்கு வருத்தம் தெரிவித்தார், ஆனால் போன நாள் போனதுதான். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், அந்த ஒன்று இதற்காகத்தான்.

இப்போது புதிதாக அடிபடுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டது. எங்கள் வழக்கு பழைய சட்டத்தில் முடிந்தது. நான் மேலே சொன்ன பிரிவு எண்களை அப்படியே பிடித்துக்கொண்டு போகாமல், உங்கள் விபத்துத் தேதியைச் சொல்லி எது பொருந்தும் என்று கேளுங்கள்.

போகிறவர்கள் உத்தரவின் நகல், அது வந்த தேதி தெரிகிற கவர், முதல் டிஸ்சார்ஜ் தாள், கடைசியாகப் பார்த்த டாக்டர் சீட்டு, வாங்கிய தவணைகளின் பேங்க் புத்தகம் எல்லாம் எடுத்துப் போங்கள். திங்கள்கிழமை கூட்டம், சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனால் நிதானமாகப் பேசலாம். ஆபீஸ் மாடியில், படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். கால் அடிபட்டவர்கள் ஏற வேண்டாம், கீழே இருக்கிற மெடிக்கல் ஸ்டோரில் சொன்னால் மேடமே இறங்கி வந்து அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்.