புலம்பெயர்வும் மொழிக்கல்வியும்: ஓர் இணையவழிப் படிப்பு பற்றிய மதிப்புரை

பல்கலைக்கழகங்களின் நவீன மொழித் துறைகள் ஏன் இன்னமும் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று நாட்டெல்லைகளை ஒட்டியே பிரிந்து நிற்கின்றன என்று கேட்டு, புலம்பெயர்ந்தோரின் மொழி வாழ்விலிருந்து அதற்கு விடை தேடுகிறது இந்த இணையவழிப் படிப்பு. மொழியாசிரியர்களையும் முதுகலை மாணவர்களையும் மனத்தில் கொண்டு அமைக்கப்பட்ட இப்படிப்பு, பாடப்பொருளில் பெரும்பாலும் நிறைவளிக்கிறது. தேர்வு முறையில்தான் தன் கொள்கையைத் தானே கைவிடுகிறது.

ஒரு நாட்டுக்கு ஒரு மொழி, ஓர் இலக்கியம் என்னும் 19ஆம் நூற்றாண்டு எண்ணத்தை விளக்கும் தொடக்கப் பாடங்கள் துறை சார்ந்தவர்களுக்குப் பழகியவையே. படிப்பு உயிர்பெறுவது இலக்கியப் பகுதியில். 1965இல் துருக்கியிலிருந்து பெர்லினுக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்த எமினே செவ்கி ஓஸ்தமார், பின்னாளில் ஜெர்மனில் எழுதத் தொடங்கி, அம்மொழியின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான பூக்னர் பரிசை 2022இல் பெற்றார். துருக்கிய மரபுத்தொடர்கள் தயக்கமின்றி நடமாடும் அவருடைய ஜெர்மனை, துருக்கி மொழி அறியாத ஜெர்மன் துறை மட்டும் முழுமையாகப் படித்துவிட முடியுமா? பிறமொழிப் பின்னணியிலிருந்து வந்து ஜெர்மனில் எழுதியவர்களுக்கென்றே 1985 முதல் வழங்கப்பட்ட ஷமிஸ்ஸோ பரிசு 2017இல் நிறுத்தப்பட்டதையும் இதனோடு சேர்த்து விவாதிக்கிறார்கள். அத்தகைய தனிப் பரிசு எழுத்தாளரை அரவணைக்கிறதா, ஒதுக்கி வைக்கிறதா என்ற விவாதம் இன்னும் நீண்டிருக்கலாம்.

மொழித்திறனை அளக்கும் ஏ1 முதல் சி2 வரையிலான நிலைகளை 2001இல் வகுத்தளித்த ஐரோப்பியப் பொதுச் சட்டகம் பற்றிய பாடமும் தரமானது. அதன் 2020ஆம் ஆண்டுத் துணைப் பதிப்பு, திறன் விவரிப்புகளில் தாய்மொழியாளரை அளவுகோலாகக் குறிப்பிடுவதை நீக்கியதோடு, மொழிகளுக்கிடையே பொருளைக் கடத்தும் இடையீட்டுத் திறனுக்கும் விரிவான இடமளித்தது. மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் பெற்றோருக்காகப் பேசும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் பன்னெடுங்காலமாகச் செய்துவரும் வேலைதான் அது என்பதை இப்பாடம் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது.

வேல்ஸ் நாட்டுக் கல்வியாளர் கென் வில்லியம்ஸ் 1994இல் ஆராய்ந்த, ஒரு மொழியில் வாசித்து மறு மொழியில் எழுதும் வகுப்பறை முறையைப் பாராட்டி ஒரு பாடம் முழுவதும் பேசுகிறார்கள். ஆயினும் இறுதிக் கட்டுரை ஆங்கிலத்தில் மட்டுமே அமைய வேண்டும். பிறமொழி மேற்கோள்களுக்கு மொழிபெயர்ப்பும் கட்டாயம். திருத்துவோரின் வசதிக்காக இருக்கலாம் என்றாலும், மாணவர் தாம் அறிந்த இன்னொரு மொழியில் ஒரு பகுதியையேனும் எழுத வழி செய்திருக்கலாம். சான்றுகள் அனைத்தும் ஐரோப்பாவையே சுற்றிவருவதும், ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்குள்ளேயே நிகழும் புலம்பெயர்வைத் தொடாததும், சைகை மொழிகளை மறந்ததும் அடுத்த குறைகள்.

சான்றிதழ் தேவைப்படாதவர்கள் தேர்வைத் தவிர்த்துவிட்டு, இலக்கியப் பகுதியையும் பொதுச் சட்டகப் பாடத்தையும் மட்டும் படித்தாலே போதும். பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு முழுப் படிப்பையும் பரிந்துரைக்கிறேன்.