சுயவிபரக்கோவை எழுதித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள்: வன்னிப் பிள்ளைகள் கவனம்

"கொழும்பு நிதி நிறுவனங்களில் உள்ளகப் பயிற்சி உறுதி" என்று முகநூலில் விளம்பரம் செய்யும் ஓர் அலுவலகம் வவுனியா நகரத்தில் இருக்கிறது. பெயரை எழுதினால் நாளைக்கே பெயர்ப்பலகையை மாற்றிவிடுவார்கள். ஆகவே அவர்கள் செய்யும் வேலையை எழுதுகிறேன். நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

என் தங்கை வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வியாபாரக் கற்கைகள் படிக்கிறாள். அவளிடம் 12,000 ரூபாய் வாங்கினார்கள். பற்றுச்சீட்டு கேட்டபோது, "வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் தங்கச்சி" என்றார்கள். இன்றுவரை வரவில்லை. தேசிய அடையாள அட்டையின் இரு பக்கப் பிரதியை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். சுயவிபரக்கோவைக்கு அது எதற்கு?

வந்தது மூன்று பக்கம். இடப்புறம் நீலப்பட்டை, அதற்குள் புகைப்படம், கீழே "எக்செல் 95 விழுக்காடு" என்று ஒரு கோடு. நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமொன்றின் கணக்குப் பிரிவில் இருப்பவன். காலையிலிருந்து மாலைவரை எக்செல்லோடுதான் சீவியம். எனக்கு அது எத்தனை விழுக்காடு தெரியும் என்று கேட்டால் விழிப்பேன். குறிக்கோள் என்ற பகுதியில் "விருந்தோம்பல் துறையில் சாதிக்க விரும்புகிறேன்" என்று இருந்தது. எந்த ஹோட்டல்காரப் பிள்ளையின் பிரதியோ தெரியாது. பல்கலைக்கழகத்தின் பெயர் "யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வவுனியா வளாகம்" என்று கிடந்தது. அது 2021 ஆகஸ்டிலேயே தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அதற்கு முந்திய பழைய பிரதியொன்றில் பெயரை மாற்றி விற்றிருக்கிறார்கள்.

இவையெல்லாம் அழித்துத் திருத்தக்கூடியவை. அவர்கள் வெட்டி எறிந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உயர்தரம் படிக்கும் காலத்திலிருந்தே எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடன் பேரேட்டை அவள்தான் எழுதுகிறாள். காசேடும் அவள் கையில்தான். மாத முடிவில் காசேட்டையும் வங்கிக்கூற்றையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கி இணக்கக்கூற்றும் தயாரிப்பாள். ஒருமுறை காசேட்டு மீதி வங்கிக்கூற்றோடு 4,500 ரூபாய் இடித்தது. வித்தியாசம் 9 ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பது கணக்கீடு படித்தவர்களுக்குத் தெரியும். அவள் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, 7,250 ரூபாய்க் கடன் தவணையொன்று 2,750 என்று எழுதப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். நிதித்துறையில் ஒரு பயிற்சிப் பிள்ளையிடம் இதைவிட வேறென்ன எதிர்பார்ப்பார்கள்? "ஊர்ச் சங்கக் கணக்கெல்லாம் கொழும்பில் எடுபடாது" என்று சொல்லி அந்தப் பகுதி முழுவதையும் நீக்கிவிட்டார்கள்.

அந்த இடத்தில், சந்தை விலைகளையும் நிதித் தரவுகளையும் காட்டும் புளூம்பேர்க் முனையத்தில் தேர்ச்சி என்றும், எதிர்காலத்தில் வரும் காசை இன்றைய பெறுமதிக்குக் குறைத்துக் கணிக்கும் கழிவிட்ட காசுப்பாய்ச்சல் முறையில் நிறுவனங்களை மதிப்பிட்ட அனுபவம் என்றும் நிரப்பினார்கள். புளூம்பேர்க் முனையத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. அதே பிரதியை அவளுக்கு இறுதி வடிவத்தைக் காட்டாமலே ஒரு நிறுவனத்துக்கு அனுப்பியும் விட்டார்கள். சூம் நேர்முகத்தில் முதல் கேள்வியே, "எந்த நிறுவனத்தை மதிப்பிட்டீர்கள், என்ன கழிவு வீதம் எடுத்தீர்கள்?" என்பதுதான். அப்படியொன்றும் செய்யவில்லை என்று அவள் உள்ளதைச் சொன்னாள். மரியாதையாக முடித்துக்கொண்டார்கள்.

கடைசிப் பக்கத்தில் உறவினரல்லாத இரு சான்றாளர்கள் இருந்தார்கள். இரண்டு பெயரும் அவளுக்குத் தெரியாதவை. "நிதி முகாமையாளர்" என்று போட்டிருந்தவரின் இலக்கத்துக்கு நான் அழைத்தேன். எடுத்தவர், அலுவலக முன்மேசையில் இருக்கும் அதே தம்பி. குரலை மாற்றக்கூட அவர் மினக்கெடவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "கோவை தந்துவிட்டோம், வேலை முடிந்தது" என்கிறார்கள். தந்தது பிடிஎப் மட்டும். ஒரு எழுத்தை மாற்றவும் 1,500 ரூபாய் கேட்கிறார்கள். நல்ல காலமாக அவள் காசை அவர்களின் வங்கிக் கணக்கில்தான் வைப்பிலிட்டாள். அந்தத் துண்டை வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு செய்திருக்கிறோம். அவர்களின் அவசர இலக்கம் 1977.

இப்போது அவளே புதிதாக எழுதியிருக்கிறாள். ஒரே பக்கம். படமும் இல்லை, அடையாள அட்டை இலக்கமும் இல்லை. கல்வித் தகைமைக்குக் கீழே முதலில் வருவது சங்கத்துக் கணக்கு: எத்தனை உறுப்பினர், என்னென்ன ஏடுகள், அந்த 4,500 ரூபாய். எக்செல்லுக்கு விழுக்காடு போடவில்லை. தரவுகளைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணை தயாரிப்பேன், இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு விடுபட்டதைக் கண்டுபிடிப்பேன் என்று செய்யத் தெரிந்ததை எழுதியிருக்கிறாள். சான்றாளர்களாக ஒரு விரிவுரையாளரும் சங்கத் தலைவியும்; இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் பெயரைப் போட்டாள். பல்கலைக்கழகத் தொழில் வழிகாட்டல் பிரிவில் பார்த்து இரண்டு இடத்தில் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு சதமும் வாங்கவில்லை.

அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இருந்தால், வேறு எதையும் பார்க்குமுன் கடைசிப் பக்கத்தைத் திறந்து, சான்றாளரின் இலக்கத்துக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.