கேட்டில் தரைச்சேவை: சிமுலேட்டரோடு வருவதா, ஜிஎஸ்எக்ஸ் ப்ரோவா?

விமானம் ஓட்டும் விளையாட்டான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-இல் விமான நிலைய கேட்டுக்கு வந்து நின்றதும் கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் பயணிகள் ஏறி இறங்கும் ஏரோபிரிட்ஜ் வந்து ஒட்டிக்கொள்ளும். லக்கேஜ், கேட்டரிங் வண்டிகளை ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) மெனுவிலேயே கூப்பிடலாம். தனியாகக் காசு வேண்டாம், செட்டிங்கும் வேண்டாம். சின்ன விமானம் ஓட்டுபவருக்கு இதுவே தாராளம்.

ஏர்லைன் விமானம் ஓட்டினால் இது போதாது என்பேன். எஃப்எஸ்ட்ரீம்டீம் நிறுவனத்தின் கூடுதல் மென்பொருளான ஜிஎஸ்எக்ஸ் ப்ரோவுக்குப் பணம் கட்ட வேண்டும்தான். ஆனால் ஒவ்வொரு கேட்டுக்கும் எந்த ஏர்லைன், யாருடைய வண்டிகள், மூக்குச் சக்கரம் எங்கே நிற்க வேண்டும், புஷ்பேக் (விமானத்தைப் பின்னால் தள்ளுவது) எந்தப் பக்கம் என்று தனித்தனியாகச் சொல்லிவைக்கலாம். பயணிகள் நடந்து வந்து ஏறுவதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்!

பலர் திணறுவது ஏர்லைன் குறியீட்டில். ஃபிராங்க்ஃபர்ட் டெர்மினல் 1-இன் கேட்டுக்கு லுஃப்தான்சாவின் குறியீடான டிஎல்எச் கொடுத்தால் மட்டும் போதாது; விமானத்தின் ஏர்கிராஃப்ட் சிஎஃப்ஜி என்ற செட்டிங் கோப்பிலும் அதே குறியீடு இருக்க வேண்டும். சில இலவச லிவரிகளில் (விமானத்துக்கான ஏர்லைன் வண்ணங்களில்) அந்த வரி காலியாகவே இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம், விமான நிலைய சீனரியை (சிமுலேட்டரில் அந்த நிலையத்தின் வடிவமைப்பை) மாற்றினால், கேட்டுகளுக்கு அமைத்த பழைய புரொஃபைல் பொருந்தாமல் போகலாம். அதனால் அடிக்கடி இறங்கும் நிலையத்தின் கேட்டுகளை மட்டும் முதலில் அமைத்துக்கொள்ளுங்கள்.